அதிர்ந்து பேசாதவர்

செஞ்சி,
12.1.2026

அன்புத் தங்கை ஜெயத்துக்கு அண்ணன் இராமச்சந்திரன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணி சுந்தராம்பாளும் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை. அதை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டேன். நீயும் தினேஷ்குமாரும் மருமகள் பிரவீணாவும் சென்னையில் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும்.

"போன்ல நீங்க பேசறீங்க, நான் 'ம்' போடறேன். எழுதினா ரெண்டு பேரும் முடிக்கலாம்" என்று சொல்லி ஐப்பசி மாதம் போனை வைத்தாய். ஐம்பத்தெட்டு வயதில் இது என்ன புது வழக்கம் என்று மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன். நீ போனை எடுக்கிற மாதிரி இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உன் வீட்டுக்காரர் ராஜாங்கம் மாப்பிள்ளையின் வருஷ திதி பங்குனி 5, அதாவது மார்ச் 19, வியாழக்கிழமை. அவர் போனது அமாவாசை என்று பஜாரில் சிலர் வாதாடுகிறார்கள். அன்று அமாவாசை மாலை நாலரைக்கே முடிந்துவிட்டது. அவர் ஆறு மணிக்குத்தான் போனார். ஆகவே பிரதமை. எதிலும் அவசரப்படாத மனுஷர்.

சிங்கவரம் ரோட்டில் மண்டபம் பிடித்தாயிற்று. காலையில் புரோகிதரை வைத்துத் திதி, பகலில் முந்நூறு இலை. பஜாரில் பேனர் வைக்கிறோம். படத்துக்குக் கீழே அவருடைய குணத்தைச் சொல்லும் வாசகம் ஒன்று வேண்டும். தபால் வழியில் பி.ஏ. தமிழ் படித்தவள் நீதான், எழுதி அனுப்பு. ஒரு வாரம் முன்னதாக வந்துவிடு. நீ எதுவும் செய்ய வேண்டாம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் போதும். உன்னைக் கட்டிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு அதைவிட வேறு நிறைவு இல்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணன் இராமச்சந்திரன்

*

குரோம்பேட்டை,
29.1.2026

மதிப்புக்குரிய அண்ணனுக்கு ஜெயம் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். அண்ணியும் முழங்காலும் எப்படி இருக்கிறார்கள்? இரண்டையும் ஒன்றாகக் கேட்டதற்கு அண்ணி கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிரதமை என்பது சரிதான். நான் பக்கத்தில் இருந்தேன். ஆறு மணி ஐந்து நிமிஷம். திதி செய்ய வேண்டியவன் தினேஷ். அவனிடம் தேதியைச் சொல்லிவிட்டேன். பேனர் வாசகத்தை யோசிக்கிறேன். முப்பத்து நாலு வருஷத்தைப் படத்துக்குக் கீழே அடக்குவது சிரமமாக இருக்கிறது.

இந்தக் குடியிருப்பில் தண்ணீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை. லிஃப்ட் சில நாள் ஓடுகிறது. மேல் வீட்டில் ஒருவர் வயலின் கற்றுக்கொள்கிறார், இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இன்னொன்று. தினேஷுக்கு லீவு கிடைத்திருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் பாலித் தீவுக்குப் போகிறோம். மார்ச் 13 போய் 22 திரும்புகிறோம். கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பது என்பதைத் தவிர வேறு திட்டம் எதுவும் இல்லை. டிக்கெட் போட்டாயிற்று.

அண்ணிக்கு என் அன்பு.

ஜெயம்

*

செஞ்சி,
1.2.2026

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. சுகம் விசாரித்தது கண்டேன். கடிதத்தைப் படித்த பிறகு சுகம் குறைந்திருக்கிறது.

'இன்னொன்று' என்று தொடங்கி நீ எழுதியதை ஐந்து முறை படித்தேன். கடிதத்தில் அந்த இடத்தில் ஜனங்கள் ஊறுகாய் கேட்டு எழுதுவார்கள். நீ தீவுக்குப் போவதை எழுதியிருக்கிறாய். 13 போய் 22 வந்தால் நடுவில் 19 இருக்கிறது என்பது தினேஷுக்குத் தெரியாதா? அப்பன் திதியை நாட்காட்டியில் பார்க்காமல் டிக்கெட் போடும் பிள்ளையை என்ன சொல்வது? நேற்று அவனுக்குப் போன் செய்தேன். "மாமா, அம்மா எதுன்னாலும் எழுதித்தான் கேக்கணும்னு சொல்லியிருக்குது. எனக்கு எதுக்கு மாமா டென்ஷன்" என்று வைத்துவிட்டான்.

துக்க வருஷத்தில் மலை ஏறக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கடல் தாண்டுவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செஞ்சியிலிருந்து ஒருத்தி தாண்டுவாள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. விசாரித்ததில் அந்தத் தீவு முழுக்க நம் மதம்தானாம். அப்படியானால் அவர்களுக்கும் திதி என்றால் தெரிந்திருக்கும். விவரம் சொன்னால் ஓட்டல்காரனே உன்னை மூட்டை கட்டி அனுப்பிவைப்பான்.

பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. உன் பெயர் முதலில் இருக்கிறது. முந்நூறு பேருக்கு நடுவில் உன் நாற்காலி காலியாகக் கிடந்தால் நான் எந்த முகத்தோடு பந்தி விசாரிப்பேன்? டிக்கெட்டை மாற்று. மாற்றிவிட்டேன் என்று எழுது.

அதே கவலையில் இருக்கும்,
அண்ணன்

*

குரோம்பேட்டை,
20.2.2026

மதிப்புக்குரிய அண்ணனுக்கு ஜெயம் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன்.

முழங்காலுக்குப் பிண்டத் தைலம் நல்லது. சூடு பறக்கத் தேய்க்கக் கூடாது, வெதுவெதுப்பாகத் தேய்க்க வேண்டும். உங்கள் பாத்திரக் கடையில் இரண்டாவது மாடி ஏறி இருப்பு பார்ப்பதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். பாத்திரங்கள் எங்கேயும் போய்விடாது. மண்டபத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சமையல்காரரிடம் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பருப்பு வேகாது. பத்திரிகை வந்தது. தாள் கெட்டியாக இருக்கிறது. 'அன்னாரின்' என்பதற்கு மூன்று சுழி ண போட்டிருக்கிறார்கள். இனி திருத்த முடியாது என்பதால் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பேனர் வாசகம் எனக்கு வரவில்லை. உங்களுக்குத் தெரிந்ததைப் போடுங்கள். பஜாரில் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

மாசி மாதத்திலேயே இங்கு வெயில். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயம்

*

செஞ்சி,
2.3.2026

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நேற்று உன்னை நேரில் பார்த்ததால் சுகம் விசாரிக்கவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து நீ எழுதிய கடிதத்தில் முழங்கால் இருந்தது, பருப்பு இருந்தது, டிக்கெட் இல்லை. அதனால்தான் பஸ் ஏறி வந்தேன். நான் டிக்கெட் என்றேன். நீ, "சக்கரை போட்டிருக்குது, பரவால்லியா?" என்று காபியைக் கொடுத்தாய். மறுபடி டிக்கெட் என்றேன். நீ உள்ளே போய் முறுக்கு கொண்டுவந்தாய். நடுவில் பிரவீணா வேறு.

"அத்தைக்குக் கடல்னா ரொம்பப் புடிக்கும் மாமா."

"எப்போத்திலிருந்து?"

"எங்களுக்கே போன வருஷந்தான் தெரியும்."

கடைசியில் தினேஷ்தான் இறங்கி வந்தான். "சரி மாமா, பதினெட்டு மத்தியானமே அங்கிருந்து கெளம்பிடறோம். விடியறதுக்குள்ள செஞ்சி வந்துடலாம்" என்றான். நீ ஒன்றும் சொல்லவில்லை. தலையும் ஆட்டவில்லை. அவன் சொன்னதை உன் சொல்லாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பேனருக்கு நானே எழுதிவிட்டேன். 'அதிர்ந்து ஒரு சொல் பேசாத உத்தமர்.' பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கலைவாணிதான் அடித்துக் கொடுக்கிறாள். அவள் கேட்டாள், "மெய்யாலுமா மொதலாளி? ஒரு வாட்டிகூடவா?" ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த வீட்டுக்குப் போய் வந்தவன் நான். அங்கே ஒரு சத்தம் கேட்டதில்லை. அதையே சொன்னேன்.

பதினெட்டாம் தேதி அமாவாசை. ஓடுகிற பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குத் திருப்பிவிடுவார்கள். மற்ற உறவுக்காரர்களைப் பதினேழே வரச் சொல்லிவிட்டேன். உங்களுக்கு விமான நிலையத்தில் கார் நிற்கும். தீவிலிருந்து தபால் போட்டால் நீ வந்து ஒரு மாதம் கழித்துத்தான் வரும். ஆகவே எழுதியதைப் பிரவீணாவைப் படம் எடுத்துக் கலைவாணியின் போனுக்கு அனுப்பச் சொல். அவள் பிரிண்ட் போட்டுத் தருவாள். நான் எழுதுவதையும் அவளே அனுப்புவாள்.

நல்லபடி போய்ப் பதினெட்டாம் தேதி திரும்பு.

அண்ணன்

*

சனூர் கடற்கரை, பாலி,
15.3.2026

மதிப்புக்குரிய அண்ணனுக்கு ஜெயம் எழுதுவது. நல்லபடி வந்து சேர்ந்தோம். விமானத்தில் காது அடைத்தது, இறங்கியதும் திறந்துகொண்டது. உங்கள் முழங்காலையும் இப்படி ஒரு முறை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம்.

இங்கே கடலுக்கு வேலை எதுவும் இல்லை. மீன்பிடிப் படகு தூரத்தில் நிற்கிறது. அலை வரப்பு மாதிரி தாழ்வாக வந்து போகிறது. காலையில் ஒரு சாய்வு நாற்காலியில் உட்காருகிறேன். பதினொரு மணிக்கு அதை நிழலுக்கு நகர்த்துகிறேன். இதுவரை நான் செய்த காரியம் இவ்வளவுதான். பிரவீணா முழங்கால் வரை கால்சட்டை போட்டிருக்கிறாள். யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

விடுதியில் வாயான் என்ற பெயரில் நாலு பேர். மூத்த பிள்ளை என்றால் அந்தப் பெயர்தானாம். கூப்பிட்டால் நாலு பேரும் வருகிறார்கள். மரத்துக்கு வேட்டி கட்டிவிடுகிறார்கள், கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்டது. தினமும் காலையில் தென்னங்குருத்தில் முடைந்த சின்னத் தட்டில் பூவும் ஒரு பிடி சோறும் வைத்து ஊதுவத்தி கொளுத்தி வாசலில், படியில், கடை முன்னால், ஸ்கூட்டர் மேல் என்று வைத்துப் போகிறார்கள். நம் ஊரானால் காக்கை வரும் வரை கூப்பிடுவோம். இங்கே நாய் வந்து தின்கிறது. யாரும் விரட்டுவதில்லை. வைத்தவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வைத்தாள், அவள் கடமை முடிந்தது. யார் தின்றார்கள் என்று கணக்கெடுக்க நிற்பதில்லை. அதை வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தெருமுனையில் பிள்ளைகள் மூங்கிலில் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு பூதம் கட்டுகிறார்கள். அமாவாசை சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம். மயானக் கொள்ளை பார்த்த நமக்குப் புதிதில்லை. மறுநாள் என்ன என்று வாயானைக் கேட்டேன். "மறுநாள் ஒன்றும் இல்லை" என்றான். சொல்லும்போது சந்தோஷமாகச் சொன்னான்.

அண்ணிக்கு ஒரு துண்டு வாங்கியிருக்கிறேன்.

ஜெயம்

*

செஞ்சி,
16.3.2026

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. கடிதம் வந்தது. கலைவாணி பெரிதாகப் பிரிண்ட் போட்டிருந்தாள். "உங்களுக்குக் கண்ணு தெரியாதேன்னு பெருசா போட்டேன் மொதலாளி" என்றாள். அவ்வளவு பெரிதாகப் போட்டதில் கடையில் ரேஷன் கார்டு நகல் எடுக்க நின்ற ஆறு பேருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு பெரியவர், "மருமகப் பொண்ணு கால்சட்ட போட்டா இன்னா, கடலுதானே" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். இனி எழுதுவதைப் பார்த்து எழுது.

நாயைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். பதினெட்டாம் தேதி விமானம் எத்தனை மணிக்கு, எந்த வாசலில் கார் நிற்க வேண்டும் என்பது இல்லை. காய்கறி வந்து இறங்கிவிட்டது. வாழை இலை நாளை. புரோகிதர் ஆறு மணிக்கு மண்டபத்தில் இருப்பார். ஒன்பது மணிக்கு அவருக்கு வேறு இடம் இருக்கிறது. பேனர் பஜாரில் ஏறிவிட்டது. போகிறவர்கள் நின்று படித்துவிட்டு, "ஜெயம் எப்ப வருது?" என்று கேட்கிறார்கள். நாளன்னைக்கு என்கிறேன். இதுவரை நாற்பது பேரிடம் சொல்லியிருப்பேன்.

மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அண்ணி, "அவ வரலேன்னா இன்னா பண்ணுவீங்க?" என்கிறாள். இப்படிக் கேட்பதற்கென்றே ஒரு முகம் வைத்திருக்கிறாள். நீ ஒரே ஒரு சொல் எழுதினால் போதும். வருகிறேன் என்று எழுது.

அண்ணன்

*

சனூர்,
18.3.2026, காலை

மதிப்புக்குரிய அண்ணனுக்கு ஜெயம் எழுதுவது. நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன். நேரம் குறைவு.

இன்று மத்தியான விமானத்தில் தினேஷ் வருகிறான். விமானத்தின் எண்ணைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். திதி செய்ய வேண்டியவன் அவன்தான். அதில் ஒரு குறையும் வராது. நான் வரவில்லை. பிரவீணா என்னோடு இருக்கிறாள்.

நாளை இங்கே 'நியெபி' என்று ஒரு நாள். காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை தீவில் யாரும் வெளியே போகக் கூடாது, விளக்கு ஏற்றக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது. விமான நிலையத்தையே மூடிவிடுகிறார்கள். போனில் இன்டர்நெட்டும் நின்றுவிடுமாம். நீங்கள் இன்று ராத்திரி எழுதுவது நாளன்னைக்குத்தான் என் கைக்கு வரும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

தினேஷைத் திட்ட வேண்டாம். அவன் மூன்று முறை கூப்பிட்டான்.

ஜெயம்

*

செஞ்சி,
20.3.2026

தங்கை ஜெயத்துக்கு.

நீ எழுதியதைக் கலைவாணி இந்த முறை சின்னதாகப் பிரிண்ட் போட்டு, நாலாக மடித்து, தானே கடைக்குக் கொண்டுவந்தாள். "ஒக்காந்து படிங்க மொதலாளி" என்றாள். உட்கார்ந்துதான் படித்தேன். அதன் பிறகு எழுந்திருக்க முடியவில்லை. அதற்கு முழங்கால் காரணமில்லை.

திதி நடந்தது. தினேஷ் சரியாகச் செய்தான். அவன் அப்பன் சாயல் நன்றாகத் தெரிந்தது. பத்து மணிக்கு மேல் ஜனம் வரத் தொடங்கியது. உன் நாற்காலியில் என் துண்டைப் போட்டு வைத்திருந்தேன். எடுத்துவிடலாமா, விட்டுவைக்கலாமா என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் விழுப்புரத்து அம்மாக்கண்ணு அத்தை வந்து நின்றாள். அவளுக்குக் காது மந்தம், குரல் அப்படியில்லை.

"எங்கடா ஜெயம்? பொண்டாட்டி இல்லாம தெவசமா?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது: "மௌன விரதம் இருக்குது அத்தை."

"எங்க?"

"தீவுல. இன்னைக்கு அந்தத் தீவு பூரா விரதம். வெளக்குகூட ஏத்த மாட்டாங்க."

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது போன வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. அம்மாக்கண்ணு அத்தை நெஞ்சில் கை வைத்தாள். "பாருங்கடி. அவரு அதிர்ந்து பேசாதவரு. அவரு நெனப்புல இவ பேசவே மாட்டேன்னு கடல் தாண்டிப் போய் உக்காந்துக்கினு இருக்கா. நாம இருக்கறமே, பந்தியில எடம் புடிக்க." இரண்டு பெண்கள் அழுதார்கள். பந்தி அமைதியாக நடந்தது. முந்நூறு பேர் சாப்பிட்ட இடத்தில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. உன் நாற்காலிக்கு யாரோ மாலை போட்டுவிட்டார்கள்.

இப்போது பஜார் மகளிர் சங்கத்தில் சித்திரை முதல் வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டு உனக்குச் சால்வை போர்த்தப் போகிறார்கள். நீ வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேற்றிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை.

அவர் உன்னை ஒரு நாள் அதட்டியதுண்டா? கை நீட்டியதுண்டா? குடித்தாரா? நான் பார்த்துக் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளையில் என்ன குறை? சொல்லாமல் போனால் நான் எப்படித் தெரிந்துகொள்வது?

அண்ணன்

*

குரோம்பேட்டை,
30.3.2026

மதிப்புக்குரிய அண்ணனுக்கு ஜெயம் வணக்கத்துடன். ஊர் திரும்பி எட்டு நாளாகிறது. இங்கே மூவரும் நலம். உங்கள் சாப்பாடு இப்போது இறங்குகிறது என்று அண்ணி பிரவீணாவிடம் போனில் சொன்னார்கள். நிம்மதி.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். அவர் என்னை அதட்டியதில்லை, அடித்ததில்லை, குடித்ததில்லை. பேசவில்லை.

2011, வைகாசி மாதம். தினேஷ் பத்தாம் வகுப்பு தேறியதற்கு வீட்டில் விருந்து. பந்தியில் எட்டுப் பேர். அவர் எல்லோருக்கும் தேசிங்குராஜன் கதை சொல்லிக்கொண்டிருந்தார். குதிரை நீலவேணி கோட்டை மதிலைத் தாண்டியது என்றார். நான் சாம்பார் வாளியோடு நின்றேன். "தேசிங்கு குதிரை பாராசாரிங்க. நீலவேணி அவர் சிநேகிதரோடது" என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். சிரிக்கவில்லை. "செஞ்சியில பொறந்தவனுக்குத் தெரியாதா? நீலவேணிதான்" என்று அவர் பந்தியைப் பார்த்தார். நானும் பந்தியைப் பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கதை தொடர்ந்தது.

அன்று நிறுத்தினார். முதலில் கோபம் என்று நினைத்தேன். ஆடியில் தீரும், புரட்டாசியில் தீரும் என்று இருந்தேன். தினேஷ் வீட்டில் இருந்தவரை, "அம்மாகிட்ட சொல்லு" என்று அவன் வழியாகச் சொல்வார். அவன் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு காலண்டரிடம் சொன்னார். "ரசத்துல உப்பு இல்ல" என்று காலண்டரைப் பார்த்துச் சொல்வார். நான் காலண்டருக்காக உப்பு போடுவேன். வருஷா வருஷம் காலண்டர் மாறியது. தன் உரக்கடையில் கடன் கேட்டு வந்தவர்களிடம்கூட நின்று பேசுவார். வீட்டுப் படி ஏறும்போது நிறுத்திக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவீர்கள். உங்களிடம் பேசுவார். நீங்கள், "இந்த வீட்டுக்கு வந்தா மனசுக்கு அமைதியா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போவீர்கள்.

பதினாலு வருஷம். கடைசி நாள் ஆஸ்பத்திரியில், குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியைப் பார்த்து, "தண்ணி" என்றார். கொடுத்தேன். குடித்தார்.

டிக்கெட் தேதியைத் தேர்ந்தெடுத்தது தினேஷ் இல்லை. நான். வார இதழில் அந்த நாளைப் பற்றிப் படித்திருந்தேன். உங்கள் மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தால் முந்நூறு பேர் வந்து அவர் அமைதியைப் புகழ்வார்கள். நான் தலையாட்ட வேண்டும். என்னால் முடியாது என்று தெரிந்தது. ஓடுவது என்று முடிவானால், எங்கும் போகக் கூடாத இடமாகப் பார்த்து ஓடலாமே.

அந்த நாள் நீங்கள் நினைப்பதுபோல் விரதம் எதுவும் நான் இருக்கவில்லை. ஜன்னலுக்குத் திரை போட்டு உட்கார்ந்திருந்தோம். கடல் எதிரிலேயே இருந்தது, போகக் கூடாது. தெருவில் காவலுக்கு நின்ற கட்டம் போட்ட வேட்டிக்காரர்கள் மட்டும் நடந்தார்கள். லட்சக்கணக்கான பேர் பேசாமல் இருந்தார்கள். ஒருவரும் இன்னொருவர் மேல் கோபமாக இல்லை. அப்படி ஒரு பேசாமை உண்டு என்பது எனக்குத் தெரியாது. சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தபோது பிரவீணா காதோடு கேட்டாள், "அத்தை, உங்களுக்கு ஒரு மாதிரி இல்லையா?" "பழக்கம்" என்றேன். என்ன பழக்கம் என்று கேட்டாள். சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கிசுகிசுவென்றுதான் சொல்ல முடிந்தது, சட்டம் அப்படி.

சால்வை வேண்டாம் என்று சங்கத்தில் சொல்லிவிடுங்கள். ஏன் என்று கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். உங்கள் வாயால் வராது என்றால் இந்தக் கடிதத்தையே படித்துவிடுங்கள். படிப்பதற்கு ஏற்ற மாதிரிதான் எழுதியிருக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. துண்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஜெயம்

*

செஞ்சி,
12.4.2026

அன்புத் தங்கை ஜெயத்துக்கு அண்ணன் எழுதுவது. நீ நலமா? முதல் கடிதத்தில் இதை வழக்கத்துக்கு எழுதினேன். கேட்டதாக நினைவில்லை. இப்போது கேட்கிறேன்.

சங்கத்துக் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை. படிக்க வருகிறதா என்று பார்க்க, நேற்று உன் கடிதத்தை உன் அண்ணியிடம் உரக்கப் படித்தேன். குதிரை வரைக்கும் குரல் சரியாகத்தான் இருந்தது. அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "எங்களுக்கெல்லாம் தெரியும்" என்றாள்.

"எங்களுக்குன்னா?"

"பஜார்ல பொம்பளைங்க எல்லாருக்கும். காலண்டர் கதைகூடத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தோம். அவகிட்ட ஒருத்தியாவது கேட்டமான்னா, கேக்கல. அது வேற." பிறகு முறத்தைக் கீழே வைத்தாள். "அந்தப் பந்தியில எல போட்டது நான்தான். நீங்க ரெண்டாவது எலையில இருந்தீங்க."

பந்தியில் எட்டுப் பேர் என்று எழுதினாய். யார் யார் என்று எழுதவில்லை. எழுதாமல் விட்டாய் என்பது எனக்குத் தெரிகிறது.

'பதினாலு வருஷம் நடந்தது எனக்கு ஒன்றும் தெரியாது' என்று எழுதத்தான் இன்று காலை உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று. அதில் ஒன்றில்கூட அந்த வாக்கியம் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ காபியைக் கொண்டுவந்து வைப்பாய். அவர் உன்னைப் பார்க்காமல் எடுத்துக்கொள்வார். எனக்கு அது தெரியும். அதற்கு அமைதி என்று பெயர் வைத்துவிட்டு, வந்த வேலையைப் பார்த்துக்கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை கடிதத்தைப் படிக்கப் போகிறேன். விரதம் என்று சொன்னது பொய் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். அம்மாக்கண்ணு அத்தைக்காகக் கொஞ்சம் உரக்கப் படிக்க வேண்டியிருக்கும். நீ எழுதாத ஓர் இடத்தை மட்டும் என் கையால் சேர்த்துக்கொள்ள உன் அனுமதி வேண்டும். 'நானும் பந்தியைப் பார்த்தேன்' என்று எழுதியிருக்கிறாயே, அதற்குப் பக்கத்தில். அன்று நீ பார்த்தது என்னைத்தான். குதிரை பாராசாரி என்று எனக்கும் தெரியும். நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேர்க்கலாமா என்று எழுது.

இராமச்சந்திரன்